பழைய மோட்டார் வண்டியின் தீப்பொறிச் சுருள்: கம்பி இணைப்பில் பழுது காணும் முறை

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். காற்றோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் வேண்டும்; அக்கலவையை உருளையில் அமுக்கும் அழுத்தம் வேண்டும்; உரிய கணத்தில் ஒரு தீப்பொறி வேண்டும். இவற்றுள் மூன்றாவது தவறும்போது பெரும்பாலோர் முதலில் ஐயுறுவது தீப்பொறிச் சுருளையே. பட்டறைகளில் 'காயில்' என வழங்கும் பகுதி இதுவே. சுருளைக் கழற்றிப் புதியது பொருத்துகிறோம், சில நாள் வண்டி ஓடுகிறது, மீண்டும் நின்றுவிடுகிறது. பழுது சுருளில் இல்லாமல், சுருளுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியில் இருந்தால் இவ்வாறுதான் நேரும். சுருளைக் குறை கூறுமுன் அதன் சுற்றை எவ்வாறு அளந்தறிவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இன்று விற்பனையாகும் புதிய கார்களில் தீப்பொறியின் நேரத்தைக் கணினி நிர்ணயிக்கிறது. இங்கே விவரிக்கும் முறை அவற்றுக்கு உரியதன்று. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டு வருவதால், அலுவலகங்களிலும் பழைய வண்டிகள் அருகிவிட்டன. ஆயினும் 2014-ஆம் ஆண்டுவரை உற்பத்தியான அம்பாசடர் காரின் பழைய பெட்ரோல் வகைகளும், அவற்றையொத்த பிற வண்டிகளும் தனியாரிடத்தும் தொழிற்பயிற்சிப் பட்டறைகளிலும் இன்னும் உள்ளன. மின்தூண்டலைக் கண்ணால் காணவும் கருவியால் அளக்கவும் மாணவருக்கு இவற்றினும் எளிய சாதனம் கிடைப்பது அரிது.

சுருள் செய்யும் வேலை

ஒரு சுற்றில் மின்னோட்டம் மாறும்போது அருகிலுள்ள மற்றொரு சுற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். இவ்வுண்மையை மோட்டார் வண்டிக்கு ஏற்ற வகையில் அமைத்துப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வகுத்த அமைப்பே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் கார்களில் நிலைபெற்றிருந்தது.

சுருளுக்குள் மெல்லிய இரும்புத் தகடுகளாலான உள்ளகம் ஒன்று உண்டு. அதன்மேல் இரு சுற்றுகள் உள. முதற்சுற்று தடித்த கம்பியால் சில நூறு வளையங்கள் கொண்டது. துணைச்சுற்று மயிரிழை போன்ற கம்பியால் பல்லாயிரம் வளையங்கள் கொண்டது. பாட்டரியிலிருந்து சாவி வழியாக வரும் மின்சாரம் முதற்சுற்றினுள் சென்று, டிஸ்டிரிபியூட்டரில் உள்ள 'பாயிண்ட்' எனும் தொடுமுனைகளைக் கடந்து, வண்டியின் இரும்பு உடலை அடைகிறது. அவ்வுடலே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி. இதனை 'எர்த்' என்பர்.

தொடுமுனைகள் மூடியிருக்கையில் முதற்சுற்றில் சுமார் 4 ஆம்பியர் ஓடி, உள்ளகத்தைச் சுற்றிக் காந்தப் புலம் உருவாகிறது. டிஸ்டிரிபியூட்டரின் நடுத்தண்டு தொடுமுனைகளைத் திறந்ததும் அப்புலம் சடுதியில் குலைகிறது. அதனால் துணைச்சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டு தோன்றி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வெளிப்படுகிறது. பொறி பிறப்பது மின்சாரம் ஓடும்போது அன்று. அது அறும்போதே என்பதை மாணவர் நன்கு உளங்கொள்ள வேண்டும்.

தொடுமுனைகளுக்கு இணையாக 'கண்டென்சர்' ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோபாரட். முனைகள் பிரியும்போது அவ்விடத்திலேயே பொறி எழுந்து வீணாகாதபடி அது தடுக்கிறது. மின்னோட்டம் உடனே அறவும் உதவுகிறது. கண்டென்சர் கெட்டால் தொடுமுனைகள் விரைவில் கருகும்; பிளக்கில் பொறியும் வலுக்குன்றும்.

இவ்வேலை எத்துணை விரைவாக நிகழ்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நான்கு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது டிஸ்டிரிபியூட்டர் 1,500 முறை சுழலும். ஒரு சுழற்சிக்கு நான்கு பொறிகள். ஆகவே நிமிடத்திற்கு 6,000, நொடிக்கு 100 பொறிகள். ஒவ்வொரு பொறிக்கும் கிடைக்கும் காலம் நொடியில் நூற்றிலொரு பங்கே. கம்பியிலோ இணைப்பிலோ சிறிது தடை மிகுந்தாலும், இக்குறுகிய நேரத்தில் சுருளில் சேர வேண்டிய ஆற்றல் சேராமற் போகும்.

இருவகைச் சுருள்கள்

புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் 12 வோல்ட்டுச் சுருள்கள் இருவகைப்படும். பெரும்பான்மையான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகையின் முதற்சுற்றுத் தடை சுமார் 3 ஓம். இதனைச் சாவியிலிருந்து நேரே இணைக்கலாம். இரண்டாம் வகையின் தடை சுமார் 1.5 ஓம் மட்டுமே. இதற்கு முன்னால் மேலும் 1.5 ஓம் அளவுள்ள தொடர்த்தடை ஒன்று இருக்க வேண்டும். பட்டறையில் இதை 'பலாஸ்ட்' என்பார்கள். சில வண்டிகளில் இது சுருளின் அருகே திருகப்பட்ட வெண்பீங்கான் கட்டையாக இருக்கும். வேறு சிலவற்றில் தடைமிக்க உலோகத்தாலான ஒரு நீண்ட கம்பியாகவே கம்பிக்கட்டினுள் மறைந்திருக்கும். பார்வைக்கு அது மற்றக் கம்பிகளைப் போன்றதே.

பாதித் தடையை வெளியே வைப்பதன் பயன் வண்டியைக் கிளப்பும்போது தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால் பாட்டரியின் அழுத்தம் அப்போது 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கும். அந்நேரத்தில் மட்டும் தனிக்கம்பி ஒன்று தொடர்த்தடையைத் தவிர்த்துச் சுருளுக்கு நேரே மின்சாரம் தரும். 9 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்தால் 6 ஆம்பியர். பாட்டரி தளர்ந்திருந்தும் பொறி வலுவாகவே இருக்கும். சாவியை விட்டதும் மின்சாரம் மீண்டும் தொடர்த்தடை வழியே செல்லும்.

இதிலிருந்து இரு பயனுள்ள அடையாளங்கள் கிடைக்கின்றன. ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் பற்றிக்கொண்டு, சாவியை விட்டவுடன் அணைந்தால், தொடர்த்தடை அறுந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றாமல், சாவியை விடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பற்ற முயன்றால், தனிக்கம்பி மின்சாரம் தரவில்லை எனக் கொள்ளலாம்.

ஒரு நிகழ்ச்சி

இப்பாடத்தின் கலைச்சொற்களைச் சரிபார்க்கும் பொருட்டு யான் ஒரு பயிற்சிப் பட்டறைக்குச் சென்றிருந்தேன். அன்று அங்கே ஒரு பழைய பெட்ரோல் கார் வந்திருந்தது. அதன் உரிமையாளர் ஒரு கிராம மருத்துவர். இரவில் ஒரு பிரசவத்திற்குச் செல்லும் வழியில் வண்டி நின்றுவிட, பின்னால் வந்த பால் வண்டியில் ஏறிப் போக நேர்ந்ததாக அவர் கூறினார். ஒரே ஆண்டில் இரு சுருள்கள் மாற்றப்பட்டிருந்தன; மூன்றாவது சுருளும் அன்று கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. வண்டி புறப்படும்போது நன்றாக ஓடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிற்கும். ஆறிய பின் மறுபடி கிளம்பும். தொடுமுனைகளும் கருகியிருந்தன.

முன்பு பார்த்தவர் ஒரு சோதனை விளக்கைச் சுருளின் முனையில் வைத்து, அது நன்கு எரிந்ததால் 'கம்பியில் குறையில்லை' என்று முடிவு செய்திருந்தார். பட்டறையின் ஆசிரியர் விளக்கை நாடவில்லை. தொடுமுனைகளை மூடிவைத்து, சாவியைத் திருப்பி, சுருளின் நேர்முனையில் வோல்ட்டு மீட்டரை வைத்தார். அது 11.8 வோல்ட்டு காட்டியது. சாவியை மூடி, கம்பிகளைக் கழற்றிச் சுருளின் தடையை அளந்தார், 1.4 ஓம். இவ்விரு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தொடர்த்தடை வேண்டிய சுருளுக்கு அத்தடையின்றி மின்சாரம் வந்துகொண்டிருந்தது. சுருளின் பக்கத்தில் இரு வெற்றுத் திருகுத் துளைகளும், துணி நாடாவால் சுற்றப்பட்ட ஓர் இணைப்பும் காணப்பட்டன. வண்டிக்கு வண்ணம் பூசியபோது பீங்கான் தடை உடைந்திருக்கிறது. அதன் இரு கம்பிகளையும் யாரோ முறுக்கி ஒன்றாக்கிவிட்டனர். அதன்பின் எஞ்சின் முன்னிலும் சுறுசுறுப்பாகவே ஓடியதாம். ஆதலால் எவருக்கும் ஐயம் எழவில்லை.

கணக்கு இதனைத் தெளிவாக்கும். தொடர்த்தடை இருந்தால் மொத்தத் தடை 3 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர். சுருளில் உண்டாகும் வெப்பம் 4 × 4 × 1.5, அதாவது 24 வாட். தொடர்த்தடை இல்லையெனில் மின்னோட்டம் 8 ஆம்பியர். வெப்பம் 8 × 8 × 1.5, அதாவது 96 வாட். மின்னோட்டம் இருமடங்காக, வெப்பம் நான்கு மடங்காகிறது. சூட்டில் சுருளின் உட்புறக் காப்பு தளர்ந்து பொறி நிற்கும். ஆறினால் சிறிது மீளும். ஒருநாள் மீளாமலே போகும். பொருத்தப்பட்ட மூன்று சுருள்களும் கெட்டவை அல்ல, கெடுக்கப்பட்டவை.

சோதனை விளக்கு ஏன் உண்மையைக் காட்டவில்லை? 5 வாட் விளக்கு இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர் மட்டுமே. 1.5 ஓம் தடையில் அது இழப்பது 0.6 வோல்ட்டு. ஆகவே தொடர்த்தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கு ஏறத்தாழ ஒரே ஒளியுடன் எரியும். தொடுமுனைகள் திறந்திருக்கும்போது வோல்ட்டு மீட்டரை வைத்தாலும் இதே குறைதான்; மின்னோட்டம் இல்லாத கம்பியில் அழுத்த வீழ்ச்சி இராது. எனவே தடையை அறிய விரும்புவோர், வேலைக்குரிய மின்னோட்டம் ஓடும்போதே அழுத்தத்தை அளக்க வேண்டும். இப்பாடத்தின் தலையாய விதி இதுவே.

எதிர்மாறான பிழையும் உண்டு. தொடர்த்தடை உள்ள வண்டியில் 3 ஓம் சுருளைப் பொருத்தினால் மொத்தம் 4.5 ஓம், மின்னோட்டம் 2.7 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. சுருளில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அது பாதிக்கும் கீழே இறங்கும். சுருள் சூடாகாது, ஆனால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருமும், குளிர்ந்த காலையில் கிளம்ப மறுக்கும்.

சோதனையை ஒழுங்காகச் செய்யும் முறை

தொடங்குமுன் கியரை நடுநிலையில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுக. பெட்ரோல் கசிவு இருந்தால் அதனை நிறுத்தித் துடைத்து, ஆவி நீங்கிய பின்னரே மின்சோதனை செய்க. எஞ்சின் நின்றிருக்க, தொடுமுனைகள் மூடியிருக்கும் நிலையில் சாவியை நெடுநேரம் திறந்து வைக்கலாகாது; சுருளுக்கு மிகுந்த சூடு ஏறுவது அந்நிலையிலேயே. ஒவ்வோர் அளவையும் சில நொடிகளில் முடித்துச் சாவியை மூடிவிடுக. கீழ்வரும் எண்கள் எதிர்முனையை எர்த்தாக உடைய 12 வோல்ட்டு வண்டிக்குரியவை.

1. பாட்டரி. முழு மின்னேற்றம் பெற்று ஓய்விலிருக்கும் பாட்டரி சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். முனைகளில் படிந்த வெண்பொடியை நீக்குக. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பட்டைக்கம்பி இறுக்கமாக உள்ளதா எனக் காண்க.

2. தொடுமுனைகள் மூடிய நிலை. சாவியைத் திறந்து, சுருளின் நேர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்திடுக. தொடர்த்தடை இல்லாத அமைப்பில் இது பாட்டரியின் அழுத்தத்தைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையலாகாது. குறைந்தால் சாவியிலோ, கம்பி முனைகளிலோ, பியூஸ் பெட்டியிலோ துரு உள்ளது. தொடர்த்தடை உள்ள அமைப்பில் 6 வோல்ட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

3. அதே நிலையில் எதிர்முனை. சுருளின் எதிர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழச் சுழி இருக்க வேண்டும். வோல்ட்டில் கால் பங்குக்கு மேல் காட்டினால் தொடுமுனைகள் கருகியுள்ளன, அல்லது டிஸ்டிரிபியூட்டரின் எர்த் இணைப்பு தளர்ந்துள்ளது.

4. தொடுமுனைகள் திறந்த நிலை. இப்போது சுருளின் இரு முனைகளிலும் பாட்டரியின் முழு அழுத்தம் தெரிய வேண்டும். நேர்முனையில் அழுத்தமிருந்து எதிர்முனையில் சுழி காட்டினால், எதிர்முனையிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றி மறுபடி அளந்திடுக. இப்போது அழுத்தம் தோன்றினால் பழுது டிஸ்டிரிபியூட்டர் பக்கத்தில் உள்ளது: கம்பியின் காப்பு தேய்ந்து இரும்பில் படுகிறது, அல்லது கண்டென்சர் உட்புறம் இணைந்துவிட்டது. அப்போதும் சுழியே காட்டினால் சுருளின் முதற்சுற்று அறுந்துள்ளது.

5. டிஸ்டிரிபியூட்டரின் உட்கம்பி. தொடுமுனைகள் அமைந்த தட்டு, எஞ்சினின் உறிஞ்சு விசையால் முன்னும் பின்னும் நகரும் வகையிலிருந்தால், அங்குள்ள சிறு கம்பி நாள்தோறும் வளைந்து காப்பினுள்ளேயே அறுவதுண்டு. வண்டி நிற்கும்போது பொறி இருக்கும். வேகம் கூட்டும்போது மறையும். தட்டைக் கையால் மெல்ல நகர்த்தியவாறே அளந்தால் இப்பழுது புலப்படும். பழைய நான்கு உருளை வண்டிகள் பலவற்றில் தொடுமுனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்க.

6. சுருளின் தடை. சாவியை மூடி, கம்பிகளைக் கழற்றிய பின்னரே அளக்க வேண்டும். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுவித்து, அது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்க, 1.5 ஓமை அளக்கையில் 0.3 ஓம் பிழை சிறிதன்று. துணைச்சுற்றின் தடை வகைக்கேற்ப வேறுபடும். பொதுவாகப் பல ஆயிரம் ஓம் இருக்கும். தடை சரியாக இருப்பதால் மட்டும் சுருள் நன்றாக உள்ளதெனக் கொள்ளற்க. சூட்டில் மட்டுமே வெளிப்படும் பழுதைக் குளிர்ந்த சுருள் மறைத்துவிடும்.

7. தொடர்த்தடை. இதனைத் தனியே கழற்றி அளந்திடுக. எஞ்சின் ஓடும்போது இது சூடாக இருப்பது இயல்பு, பழுதன்று. ஆகவே மற்றக் கம்பிகள் இதன்மேல் படாதவாறு பொருத்த வேண்டும்.

பொறியைக் கண்ணால் காண வேண்டுமாயின் அதற்கென விற்கப்படும் சோதனைக் கருவியைப் பயன்படுத்துக. உயர் அழுத்தக் கம்பியை எங்கும் படாமல் தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றினால், பொறிக்கு வழியின்றிச் சுருளின் காப்பு உட்புறம் துளைபடும். தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுச் சாதனம் பொருத்திய வண்டிகளில் அழுத்தமும் ஆற்றலும் மிகுதி. அங்கே கைவைத்துச் சோதிப்பது உயிருக்கு ஊறாகலாம். அச்சாதனத்தைச் செய்தவர் குறிப்பிடும் தடையுள்ள சுருளையே அதனோடு இணைக்க வேண்டும்.

முனைகளை மாற்றி இணைத்தல்

பிரிட்டனில் 1960-களின் நடுப்பகுதிவரை பல வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருந்தது. அவ்வண்டிகளின் சுருளில் + , − குறிகளுக்கு மாறாக 'எஸ்.டபிள்யூ.', 'சி.பி.' என்ற எழுத்துகள் காணப்படும். முன்னது சாவியையும் பின்னது தொடுமுனையையும் குறிக்கும். அத்தகைய வண்டியை எதிர்முனை எர்த்துக்கு மாற்றுவோர், சுருளின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்ற மறந்துவிடுவதுண்டு. எஞ்சின் ஓடும், எனினும் பொறி வலுவிழக்கும். பிளக்கின் நடுமுனை மிகவும் சூடானது. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதில் வெளியேறும். ஆகவே நடுமுனை எதிர்மின் தன்மை உடையதாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே பொறி பாயும். மாறாக இருந்தால் கூடுதல் அழுத்தம் வேண்டும். எதிர்முனை எர்த் வண்டியில் சுருளின் + முனை சாவிக்கும், − முனை டிஸ்டிரிபியூட்டருக்கும் செல்லவேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

ஆசிரியர்களுக்கு

எஞ்சின் இல்லாமலே வகுப்பில் இதனை விளக்கலாம். 12 வோல்ட்டுப் பாட்டரி ஒன்றும், தக்க பியூஸ் ஒன்றும், 1.5 ஓம் பீங்கான் தடைகள் இரண்டும் போதும். அவை ஒவ்வொன்றும் 25 வாட்டுக்குக் குறையாத வெப்பத்தைத் தாங்குவனவாக இருத்தல் வேண்டும். இரண்டையும் வரிசையாக இணைத்துக் கடைசி முனையைத் திறந்து வைத்து, நடுவிலுள்ள இணைப்பில் அளக்கச் செய்க; மீட்டர் 12 காட்டும். சுற்றை மூடி அளக்கச் செய்க, 6 காட்டும். கம்பி மாறவில்லை, பாட்டரி மாறவில்லை. மின்னோட்டம் ஓடத் தொடங்கியது ஒன்றே மாறுதல். ஓம் விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவன் அதனைத் தன் கண்ணால் காண்பது இக்கணத்தில்தான். தடைகள் சூடேறும், சுற்றைச் சில நொடிகளுக்கு மேல் மூடி வைக்கலாகாது.

மேற்கூறிய காருக்கு 1.5 ஓம் தொடர்த்தடை ஒன்றும் புதிய தொடுமுனைகளும் பொருத்தப்பட்டன, சுருள் மாற்றப்படவில்லை. மீட்டர் 6.1 வோல்ட்டு காட்டியதும் ஆசிரியர் அந்த எண்ணையும் தேதியையும் ஓர் அட்டையில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். அடுத்து எவர் அவ்வண்டியைப் பார்த்தாலும், எது இருக்கவேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கள அலுவலர்கள் தம் பொறுப்பிலுள்ள எந்த இயந்திரத்திற்கும் இதனைச் செய்து வைக்கலாம்: நன்றாக ஓடும்போதே அளந்து, எழுதி வைத்துக்கொள்க. பழுதுற்ற நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அவ்வெண்ணே துணை.

பயிற்சி வினாக்கள்

1. தொடுமுனைகள் மூடியிருக்கும்போது சுருளின் நேர்முனையில் 9 வோல்ட்டு காட்டுகிறது. பாட்டரி 12 வோல்ட்டு. சுருளின் தடை 3 ஓம். வண்டியில் தொடர்த்தடை இல்லை. கம்பியிலும் சாவியிலும் உள்ள மொத்தத் தடை எவ்வளவு? (விடை: மின்னோட்டம் 3 ஆம்பியர், வீழ்ச்சி 3 வோல்ட்டு, தடை 1 ஓம்.)

2. மேற்கண்ட பழுதைத் தொடுமுனைகள் திறந்த நிலையில் அளந்து ஏன் கண்டுபிடிக்க இயலாது?

3. தொடர்த்தடையை நீக்கியபின் எஞ்சின் சிறிது காலம் முன்னிலும் நன்றாக ஓடுவது ஏன்? அதனை நல்ல அடையாளமாகக் கொள்ளலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.